வெட்டு விழ வேண்டிய இடம்

இருபுறமும் பெருமரங்கள் நிழல் பரப்பி நிற்கும் பழைய சாலை எதிலேனும் நிதானமாக நடந்து, அவற்றின் அடிமரங்களைக் கூர்ந்து நோக்கிக்கொண்டே செல்பவர்களுக்கு ஒரு விஷயம் புலப்படாமற் போகாது. ஒரு தூங்குமூஞ்சி மரத்தில், முன்னொரு காலத்தில் தொடைப் பருமனுள்ள கிளையொன்று வெட்டப்பட்ட இடத்தைச் சுற்றி, வட்டமாகத் திரண்ட தழும்பு நாற்புறமிருந்தும் உள்நோக்கி வளர்ந்து, நடுவிலே வந்து கூடி, வெட்டுவாயை முற்றிலும் மூடிவிட்டிருக்கும். அதே வரிசையில், அதே காலத்தில் நடப்பட்ட மற்றொரு தூங்குமூஞ்சி மரத்திலோ, கிளை இருந்த இடத்தில் கரிய பொந்து வாய் திறந்து நிற்கும். மழைநீர் அதனுள் தேங்கி வழிந்து பட்டையின்மேல் கறை படிந்திருக்கும். மழைக்காலம் வந்தால் அதன் விளிம்பில் தட்டுத் தட்டாகக் காளான் முளைக்கும். மண் ஒன்று, மழை ஒன்று, வெட்டிய அரிவாளும் ஒன்றாகவே இருந்திருக்கக்கூடும். ஒரு மரம் பிழைத்து மற்றொரு மரம் உளுத்ததற்குக் காரணம் என்ன?

மரத்தின் ஆயுள் அவ்வளவுதான் என்று கூறி அமைவோர் உண்டு. கறையான் அரித்துவிட்டது என்போரும் உண்டு. ஆனால் சென்ற நூற்றாண்டின் பிற்பகுதியில் நடந்த ஆராய்ச்சிகள், இப்படிப்பட்ட இரு மரங்களின் கதியைப் பெரும்பாலும் நிர்ணயிப்பது, வெட்டு இரண்டு விரற்கடை அப்பால் விழுந்ததா இப்பால் விழுந்ததா என்னும் சிறு வித்தியாசமே என்று காட்டியிருக்கின்றன. தேயிலைத் தோட்டத்திலும் திராட்சைப் பந்தலிலும் ரோஜாப் பாத்தியிலும் கவாத்துச் செய்வது பயின்றவர்கள் மட்டுமே கை வைக்கத்தக்க ஒரு கலையாக மதிக்கப்படுகிறது. சாலை மரத்துக்கும் வீட்டு வாசல் வேம்புக்கும் வரும்போது மட்டும் அது மழைக்கு முன்னே மின்கம்பிக்கு இடையூறு நீக்கும் அவசர வேலையாகச் சுருங்கி, அரிவாள் எட்டிய இடமே வெட்டும் இடம் என்று ஆகிவிடுகிறது. அந்த வெட்டு மரத்தின் உள்ளே என்னென்ன விளைவிக்கிறது என்பதைப் பார்ப்போம்.

மரத்தின் உடலமைப்பை முதலில் சற்று அறிந்துகொள்ள வேண்டும். வெளியே இருப்பது பட்டை. அதன் உட்புறத்தில், இலைகள் சமைத்த சர்க்கரையை வேர் வரையில் கொண்டுசெல்லும் மெல்லிய திசு. அதற்கும் உள்ளே, அடிமரம் முதல் சிறு கொம்பு வரையில் முழு மரத்தையும் போர்த்திக்கொண்டிருக்கும் மிக மெல்லிய உயிர்ப்படை ஒன்று. இதைப் பாடநூல்கள் கேம்பியம் என்று வழங்கும். நாம் வளர்படை என்று சொல்லலாம். மரம் பருப்பது இப்படையினாலேதான். அது வெளிப்புறமாகப் பட்டைத் திசுவையும் உட்புறமாகக் கட்டையையும் ஓயாமல் ஈன்றுகொண்டே இருக்கிறது. புதிதாக ஈன்ற கட்டை வெளிறிய நிறமுடையது. வேர் உறிஞ்சும் நீரை மேலே ஏற்றுவது அதுவே. அதனூடே விரவிக் கிடக்கும் உயிரணுக்கள் மாவுச்சத்தைச் சேமித்து வைத்துக்கொண்டிருக்கின்றன. நாளடைவில் இவ்வுயிரணுக்கள் இறந்து, நிறமும் பிசினும் ஏறிய வைரக்கட்டையாக மாறுகின்றன. உள்ளே வைரமுடையதை மரம் என்றும் புறத்தே வைரமுடையதைப் புல் என்றும் தொல்காப்பிய மரபியல் வகுத்திருக்கிறது. இக்கட்டுரையில் கூறப்போவனவெல்லாம் அகத்தே வைரமுடைய விருட்சங்களுக்கே பொருந்தும். தென்னைக்கும் பனைக்கும் வளர்படை கிடையாது. அவற்றின் உடலில் பட்ட காயம் ஆயுள் முழுவதும் மூடாமலே இருக்கும். உச்சியிலுள்ள ஒரே குருத்தை வெட்டிவிட்டால் மரமே மாண்டுபோகும்.

நம் சரீரத்தில் தோல் கிழிந்தால், அழிந்துபோன அணுக்களின் ஸ்தானத்திலேயே புதிய அணுக்கள் தோன்றி, பழைய திசுவைப் புதுப்பித்துவிடுகின்றன. மரத்துக்கு இந்தச் சக்தி இல்லை. உளுத்த கட்டை ஒருநாளும் மீண்டும் நல்ல கட்டையாவதில்லை. ஐம்பது ஆண்டுகளுக்கு முன்னே பட்ட காயம் இன்றைக்கும் மரத்தின் உள்ளே அதே இடத்தில் இருந்துகொண்டிருக்கிறது. மரத்தால் செய்யக்கூடியவை இரண்டே: காயத்தைச் சுற்றி அரண் எழுப்புவது ஒன்று, அதன்மேல் புதுக்கட்டையை வளர்த்து மூடுவது மற்றொன்று. ஆறிவிட்டது என்று நாம் கருதும் காயம், உண்மையில் மரத்துக்குள் புதைந்த காயமே.

இதனை மனிதர் உணர நெடுங்காலம் ஆயிற்று. இங்கிலாந்தில் மூன்றாம் ஜார்ஜ் மன்னரிடம் தோட்டக்காரராக இருந்த வில்லியம் பார்சைத் என்பவர், பசுஞ்சாணம், இடிந்த கட்டடத்துச் சுண்ணாம்பு, விறகுச் சாம்பல், மணல் ஆகியவற்றைக் கலந்து செய்த பூச்சு ஒன்று மரங்களின் காயங்களை ஆற்றும் என்று 1791-ஆம் ஆண்டில் நூல் எழுதி வெளியிட, அந்நாட்டு அரசாங்கம் அவருக்கு 1,500 பவுன் சன்மானம் அளித்தது. கப்பற்படைக்கு ஓக் மரம் உயிர்நாடியாக இருந்த காலம் அது. ஆகவே இத்தகைய சிகிச்சைக்கு அவ்வளவு மதிப்பு இருந்ததில் ஆச்சரியமில்லை. ஆனால் உளுப்பு என்பது எதனால் நேர்கிறது என்பதே அப்போது விளங்கவில்லை. மரம் உளுப்பதால் காளான் தோன்றுகிறது என்று அறிஞர்களே எண்ணியிருந்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜெர்மானியரான ராபர்ட் ஹார்டிக், உளுத்த கட்டையை நுண்ணோக்கியின் கீழே வைத்துப் பார்த்து, காளானின் நுண்ணிழைகள் கட்டையின் அணுச்சுவர்களைத் தின்று துளைத்துக்கொண்டு செல்வதையும், வெளியே முளைக்கும் காளான் இவ்விழைகளின் பிஞ்சும் பழமுமே என்பதையும் நிலைநாட்டிய பிறகுதான், காளானே காரணம், உளுப்பு அதன் காரியம் என்பது தெளிவாயிற்று.

ஆனால் இந்தத் தெளிவிலிருந்து ஒரு தவறான முடிவும் பிறந்தது. காளான் காயத்தின் வழியே நுழைகிறதென்றால், காயத்தைத் தாரோ வர்ணமோ பூசி அடைத்துவிட்டாற் போதும், பொந்தைச் சுரண்டி எடுத்துச் சிமிட்டி நிரப்பிவிட்டாற் போதும் என்று தோட்டக்கலைஞர்கள் கருதினார்கள். மரம் ஒன்றும் செய்யாமல் வெறுமனே நின்றுகொண்டிருக்கிறது, சிகிச்சை முழுவதும் மனிதனுடைய பொறுப்பு என்பது இந்த எண்ணத்தில் அடங்கியிருந்தது. மரம் தானே என்ன செய்கிறது என்று கேட்டவர் அமெரிக்க வன இலாகாவில் பணிபுரிந்த அலெக்ஸ் ஷைகோ (1930–2006).

இவருடைய வெற்றிக்குக் கருவியின் மாறுதல் ஒன்றும் துணை செய்தது. அதுவரையில் மரத்தின் உட்புறத்தை ஆராய்ந்தவர்கள் பெரும்பாலும் குறுக்கே அறுத்த வட்டத் துண்டுகளையே பார்த்துவந்தார்கள்; உளுப்பு ஓரிடத்தில் இருப்பது அதில் தெரியும், அது எங்கே தொடங்கி எவ்வழியே சென்றது என்பது தெரியாது. ஷைகோ ஆராய்ச்சியில் இறங்கிய 1959-ஐ ஒட்டிய காலத்தில், ஒரே ஆள் கையாளக்கூடிய மோட்டார் ரம்பம் புழக்கத்துக்கு வந்திருந்தது. அதைக் கொண்டு அவர் ஆயிரக்கணக்கான மரங்களை நீளவாக்கில் பிளந்து பார்த்தார். மரங்களில் தாமே துளையிட்டு, தேதி குறித்து வைத்துக்கொண்டு, பல ஆண்டுகள் பொறுத்திருந்து பிளந்தும் பார்த்தார். அப்போது அவர் கண்ட பிரதானமான உண்மை, காளான் பற்றிய பகுதியின் பருமன் மரத்தின் இன்றைய பருமனோடு சம்பந்தப்படாமல், காயம் பட்ட நாளில் அம்மரம் எவ்வளவு பருமனாயிருந்ததோ அந்த எல்லையோடு நின்றுவிடுகிறது என்பது. அதற்கு வெளியே பின்னர் வளர்ந்த கட்டை களங்கமற்று விளங்கிற்று. உளுப்பு நினைத்தபடியெல்லாம் பரவவில்லை. ஏதோ ஒன்று அதைக் கட்டுப்படுத்தியிருக்கிறது.

கட்டுப்படுத்தியது எது என்பதை விளக்க, பழைய மிராசு வீடுகளில் நெல் கொட்டிவைக்கும் பத்தாயத்தை எண்ணிப் பார்க்கலாம். தடுப்புப் பலகைகளால் அறை அறையாகப் பிரிக்கப்பட்ட அப்பத்தாயத்தில் ஓர் அறையின் நெல்லில் அந்து விழுந்துவிட்டால், அந்த நெல்லை மீட்க வழியில்லை. பலகையின் சந்துகளை மெழுகி அடைத்து, அடுத்த அறைக்கு அந்து தாவாமல் காப்பதும், வரும் அறுவடையை வேறு புதிய அறையில் கொட்டுவதுமே செய்யத்தக்கது. மரமும் நான்கு தடுப்புகளைக் கொண்டு இப்படித்தான் செய்கிறது. நீர் மேலேறும் நுண்குழாய்களைக் காயத்துக்கு மேலும் கீழும் பிசின் முதலியவற்றால் அடைப்பது முதல் தடுப்பு. காளான் மேலும் கீழும் ஓடுவதை அது தாமதப்படுத்தும், ஆயினும் நான்கனுள் மிகவும் பலவீனமானது அதுவே. ஒவ்வொரு பருவத்து வளர்ச்சியின் புறவிளிம்பிலும் நெருங்கி அமைந்த அணுக்கள், காளான் உள்நோக்கிச் செல்லாதபடி தடுப்பது இரண்டாவது. மரத்தின் நடுவிலிருந்து பட்டையை நோக்கிக் கதிர்களாக ஓடும் உயிரணு வரிசைகள், அது பக்கவாட்டில் பரவாதபடி தடுப்பது மூன்றாவது. இம்மூன்றும் காயம் பட்ட நாளில் இருந்த கட்டையிலேயே அமைபவை. நான்காவது தடுப்பு மட்டும் காயத்துக்குப் பின்னர் வளர்படை ஈனும் புதுக்கட்டையில் கட்டப்படுவது. காயம் பட்ட நாளில் இருந்த கட்டைக்கும் அதன் பிறகு பிறக்கும் கட்டைக்கும் இடையே, காளான் எளிதில் கடக்கவொண்ணாத ரசாயனங்கள் செறிந்த படலமாக அது அமைகிறது. 1977-ஆம் ஆண்டு வெளிவந்த சிறுநூலொன்றில் ஷைகோ விளக்கிய இச்செயலை அறையடைப்பு என்று நாம் தமிழில் வழங்கலாம்.

தடுப்பு கட்டுவதற்கு மரம் செலவிடும் மூலதனம் உயிரணுக்களில் சேமித்த மாவுச்சத்து. புதிதாக வெட்டிய வெளிர்க்கட்டையின்மேல் அயோடின் கரைசலைத் தடவினால், மாவுச்சத்து இருக்குமிடம் கருநீலமாக மாறும். பள்ளிக்கூடத்தில் உருளைக்கிழங்கின்மேல் செய்து பார்த்த அதே பரிசோதனைதான். இலையை அளவுக்கு மீறி இழந்த மரத்தில் இந்த நிறம் வெளிறிப் போகும். சேமிப்பு இல்லாத மரத்தால் தன்னைக் காத்துக்கொள்ள இயலாது. ஆகையால் ஒரு வெட்டைப்பற்றி நாம் கேட்க வேண்டியவை இரண்டு: அது மரத்தின் தடுப்புகளை உடைக்கிறதா? மரத்தின் சேமிப்பைப் பறிக்கிறதா?

முதற் கேள்விக்கு விடை கிளை அடிமரத்தோடு சேருமிடத்தில் இருக்கிறது. கிளையின் அடியைச் சுற்றிச் சற்றே புடைத்த வளையம் ஒன்று பல மரங்களில் கண்ணுக்கே தெரியும். சிலவற்றில் விரலால் தடவிப் பார்த்துத்தான் உணர வேண்டும். இதைக் கிளைப்பூண் என்போம். கிளையின் மேற்புறத்தில், கிளைப்பட்டையும் அடிமரத்துப் பட்டையும் ஒன்றையொன்று நெருக்கி எழும்பிய சொரசொரப்பான கோடு ஒன்று சரிந்து ஓடும். அதைப் பட்டை வரப்பு என்போம். கிளையின் திசு முதலில் வளர்ந்து அடிமரத்தின்மேல் கீழ்நோக்கி வளைந்து படிகிறது. பின்னர் அடிமரத்தின் திசு வளர்ந்து அதைச் சுற்றித் தழுவிக்கொள்கிறது. ஆண்டுதோறும் இப்படி மாறி மாறி நடப்பதாலேயே பூண் உண்டாகிறது என்று 1985-இல் ஷைகோ எழுதினார். ஆகவே பூண் என்பது கிளையினுடைய பகுதியன்று, அடிமரத்தின் உடல். அதற்குள்ளே, கிளை இயற்கையாகப் பட்டுப்போனால் உளுப்பு அடிமரத்துக்குள் இறங்காதபடி தடுக்கும் ரசாயனங்கள் செறிந்த காப்புப் பகுதி ஒன்றும் இருக்கிறது. காட்டில் கீழ்க்கிளைகள் நிழலில் வாடிப் பட்டு உதிர்ந்தும் மரங்கள் நெடுநாள் வாழ்வது இதனாலேதான். வெட்டு விழ வேண்டிய இடத்தை மரமே குறித்து வைத்திருக்கிறது: பட்டை வரப்புக்கும் பூணுக்கும் சற்று வெளியே, பூணைத் தொடாமல்.

அழகாக இருக்க வேண்டுமென்று அடிமரத்தோடு மட்டமாக ஒட்ட வெட்டினால் பூணும் காப்புப் பகுதியும் கிளையோடு போய்விடும். கிளையில் வெட்டுவதாக நினைத்துக்கொண்டு அடிமரத்தையே வெட்டியவர்களாவோம். மாறாக, முழ நீளக் கட்டையை விட்டு வெட்டினால், இலையற்ற அந்த மூளிக்கட்டைக்கு ஊட்டம் வாராமல் அது பட்டுப்போய்க் காளானுக்கு இரையாக நிற்கும். அது உளுத்து விழும் வரையில் தழும்பு அதன்மேல் கூட முடியாது. நம் சாலைகளில் இவ்விரண்டு குற்றங்களும் நாள்தோறும் நடக்கின்றன. அரிவாளால் எட்டி வெட்டுவதனால் இரண்டாவது மிகுதி.

ஒட்ட வெட்டுவதே முறை என்று ஒரு காலத்தில் தோட்டக்கலை நூல்கள் கூறியதற்கும் காரணம் உண்டு. அப்படி வெட்டிய காயத்தின் இரு பக்கங்களிலும் தழும்புக் கட்டை வெகு வேகமாகத் திரண்டு வளரும். பார்ப்பவர்களுக்குக் காயம் நன்றாக ஆறுவதாகத் தோன்றும். பிளந்து பார்த்தபோதுதான், வெளியே தழும்பு தடித்திருந்த அம்மரங்களில் உள்ளே உளுப்பு நீண்டு ஓடியிருந்தது தெரிந்தது. சரியான இடத்தில் விழுந்த வெட்டைச் சுற்றித் தழும்பு நாற்புறமும் ஒரே சீராக வட்டமாக எழும்பும். ஒட்ட வெட்டினாலோ பக்கங்களில் மட்டும் தடித்து, மேலும் கீழும் பட்டை பட்டுப்போய், வெட்டுவாய் நீண்ட வடிவமாகத் தெரியும். இந்த அடையாளத்தை மனத்தில் வைத்துக்கொண்டு எந்தச் சாலையிலும் நடந்து பார்க்கலாம். பல ஆண்டுகளுக்கு முன்னே யார் எப்படி வெட்டினார்கள் என்பது மரத்தின்மேலேயே எழுதியிருக்கும்.

கனத்த கிளையை அறுக்கும் முறையையும் இங்கே சொல்லிவிட வேண்டும். மேலிருந்து ஒரே வீச்சில் அறுத்தால், பாதி அறுபடும்போதே கிளை தன் பாரத்தால் முறிந்து, அடிமரத்துப் பட்டையை நெடுந்தூரம் உரித்துக்கொண்டு விழும். ஆதலால் முதலில் பூணிலிருந்து ஒரு முழம் தள்ளிக் கிளையின் அடிப்புறத்தில் கால்பங்கு ஆழத்துக்கு ஓர் அறுப்பு. அதற்கும் சற்று வெளியே மேலிருந்து இரண்டாவது அறுப்பு, அதில் கிளை விழுந்துவிடும். பாரம் நீங்கிய கட்டையைப் பூணுக்கு வெளியே மூன்றாவதாக அறுத்து எடுக்க வேண்டும். இதற்கு அரிவாள் உதவாது, கூரிய ரம்பமே வேண்டும். மின்கம்பியின் பக்கத்திலுள்ள கிளைகளில் பயிற்சியும் அதிகாரமும் பெற்றவர்களைத் தவிர வேறு எவரும் கை வைத்தலாகாது.

வெட்டிய பிறகு பூச வேண்டியது என்ன என்றால், பொதுவாக ஒன்றுமில்லை. சிவப்பு மேப்பிள், அமெரிக்க எல்ம் ஆகிய மரங்களில் ஒரே மாதிரியான காயங்கள் செய்து, சிலவற்றில் பூச்சுப் பூசியும் சிலவற்றைத் திறந்தபடி விட்டும், ஐந்தாண்டு கழித்துப் பிளந்து பார்த்த பரிசோதனை ஒன்றில், பூச்சு உளுப்பைத் தடுத்ததாகத் தெரியவில்லை. குறிப்பிட்ட சில நோய்களைப் பூச்சிகள் காயத்துக்குச் சுமந்து வரும் இடங்களில் மட்டும் அது பயன்படும். பொந்தைச் சுரண்டிச் சிமிட்டி அடைப்பதோ தீங்கே. சுரண்டும் உளி மரம் அரும்பாடுபட்டுக் கட்டிய தடுப்பை உடைத்துவிடுகிறது, காற்றில் மரம் ஆடும்போது சிமிட்டி உள்ளே உராய்ந்து புதுக்காயம் செய்கிறது.

இரண்டாவது கேள்வி சேமிப்பைப்பற்றியது. மரம் உயர்ந்துவிட்டது, புயலில் விழுந்துவிடும் என்று அஞ்சி, கிளைகளையெல்லாம் நடுவிலே துண்டித்துத் தலையை மொட்டையடிக்கும் வழக்கம் எங்கும் இருக்கிறது. முருங்கையை ஒடித்து வளர்க்க வேண்டும் என்பதை எல்லோரும் அறிவோம். ஆனால் புதுக்கொழுந்தில் காய்க்கும், சில ஆண்டுகளே நமக்கு வேண்டிய முருங்கைக்குப் பொருந்துவது, நூறாண்டு நிற்க வேண்டிய மருதத்துக்கும் புளிக்கும் பொருந்தாது. மொட்டையடித்த சில வாரங்களில் வெட்டுவாயைச் சுற்றிக் கொத்துக் கொத்தாகத் துளிர்கள் கிளம்பும். மரம் புத்துயிர் பெற்றதாக நாம் மகிழ்கிறோம். அந்தத் துளிர்களின் வரலாறு வேறு. கிளையின் நுனிமொட்டு ஆக்சின் என்னும் இயக்குப்பொருளைச் சுரந்து கீழே அனுப்பி, பக்கமொட்டுகளை உறக்கத்தில் வைத்திருக்கிறது. 1930-களில் கென்னத் திமன், போல்கே ஸ்கூக் என்னும் இருவர் அவரைச் செடியின் நுனியைக் கிள்ளிவிட்டு, அந்த இடத்தில் ஆக்சினை வைத்தபோது, நுனி இல்லாமலே பக்கமொட்டுகள் உறங்கின. வைக்காத செடிகளில் அவை விழித்துக்கொண்டன. சர்க்கரைக்கும் வேறு சில இயக்குப்பொருள்களுக்கும் இதில் பங்குண்டு என்பது பின்னர் தெரியவந்தது. ஆகவே மொட்டையடிக்கும்போது நுனியின் கட்டுப்பாடு நீங்கி, பட்டைக்கடியில் ஆண்டுக்கணக்காக உறங்கிய மொட்டுகள் எல்லாம் ஒருங்கே எழுகின்றன. எழுவதற்கு வேண்டிய உணவு, தடுப்புக் கட்டுவதற்காக வைத்திருந்த அதே சேமிப்பிலிருந்து எடுக்கப்படுகிறது.

இவ்வாறு எழுந்த கிளைகளுக்கு அடிமரத்தின் ஆழத்திலிருந்து பிடிப்பு இல்லை. வெளிப்புறத்துப் புதுக்கட்டையில் மட்டுமே அவை ஊன்றியிருக்கின்றன. அவற்றுக்குக் கீழேயுள்ள வெட்டுவாயோ, எல்லை குறிக்கும் பூண் இல்லாத நடுக்கிளையில் விழுந்ததாகையால், உளுத்துக்கொண்டே போகிறது. சில ஆண்டுகளில் மரம் பழைய உயரத்தை எட்டிவிடும். இப்போது அந்த உயரத்தில் இருப்பவை பழைய உறுதியான கிளைகளல்ல, உளுத்த கட்டையின் விளிம்பில் ஒட்டிக்கொண்டிருக்கும் நெடிய கொம்புகள். போதாக்குறைக்கு, இதுவரை இலைநிழலில் இருந்த மெல்லிய பட்டை சித்திரை வெயிலில் வெந்து வெடிக்கும். அபாயத்தை நீக்குவதாக எண்ணிச் செய்த காரியம், சில ஆண்டு தவணையில் அதைவிடப் பெரிய அபாயத்தை வாங்கிவிடுகிறது. உயரத்தைக் குறைத்தே தீர வேண்டுமானால், நீண்ட கிளையை, அதிலிருந்து பிரியும் உறுதியான பக்கக்கிளை ஒன்று தலைமை ஏற்கத்தக்க இடத்தில் வெட்ட வேண்டும். ஒரே ஆண்டில் உயிருள்ள தழையில் கால்பங்குக்கு மேல் நீக்கலாகாது என்பது நிபுணர்கள் பொதுவாகக் கொள்ளும் வரம்பு. முதிர்ந்த மரத்துக்கு அதனினும் குறைவே நலம்.

மரம் விழுவதைப்பற்றிச் சற்று விரிவாகவே சிந்திக்க வேண்டியிருக்கிறது. 2016 டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயல் சென்னையைத் தாக்கியபோது ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்ததைக் கண்டவர்கள், மரம் என்றாலே அஞ்சத் தொடங்கியதில் வியப்பில்லை. ஆனால் வேரைச் சுற்றிச் சிமிட்டித் தளம் போட்டதும், குழாய் பதிக்க வேர்களை அறுத்ததும் கவாத்தினால் தீரும் குறைகளல்ல. கிளையில் கவனிக்க வேண்டியவை வேறு. சம பருமனுள்ள இரண்டு தண்டுகள் நெருங்கி மேலெழும் கவையில், இரண்டுக்கும் நடுவே பட்டை உள்ளே சிக்கிக்கொண்டால் கட்டையோடு கட்டை சேராமல் போகிறது. பட்டை வரப்பு வெளியே எழும்பாமல் உள்ளே மடிந்திருப்பது அதன் அடையாளம். பெருங்காற்றில் பிளப்பது அந்த இடமே. மற்றொன்று, காற்று புகட்டும் என்று சொல்லி உட்கிளைகளையெல்லாம் மழித்து நுனியில் மட்டும் தழையை விடுவது. இதனால் பாரமும் காற்றின் தாக்குதலும் கிளை நுனிக்குப் போய்விடுகின்றன. அதிர்ச்சியைப் பகிர்ந்து தணித்துவந்த சிறுகிளைகளும் இல்லாமற் போகின்றன. பட்ட கிளை, பிளந்த கிளை, ஒன்றையொன்று உராயும் கிளை இவற்றை நீக்கி, மிக நீண்டவற்றின் நுனிப்பாரத்தைச் சிறிது குறைப்பதே பாதுகாப்பான கவாத்து.

பொந்து உள்ள மரமெல்லாம் விழும் மரம் என்பதும் தவறான அச்சம். வளைவைத் தாங்கும் வலிமை பெரும்பாலும் தண்டின் வெளிவட்டத்திலேயே இருக்கிறது. குறுக்களவில் பத்தில் ஏழு பங்கு நடுவில் ஒரே சீராகப் பொந்தாகிவிட்டாலும், சுற்றிலும் கட்டை நல்ல நிலையில் முழுவளையமாக நிற்குமானால், அவ்வலிமையில் ஏறத்தாழக் கால்பங்குதான் குறையும். பொந்து ஒருபுறம் திறந்து வளையம் அறுபட்டிருந்தால் கதை வேறு. அப்போது தகுந்தவரை அழைத்துக் காட்டுவதே முறை. கிளியும் ஆந்தையும் குடியிருக்கும் ஒரு முதிய மரத்தைப் பொந்து என்ற ஒரே காரணத்துக்காக வீழ்த்துவது மிகவும் வருந்தத்தக்கது. காளான் பற்றியும் அழியாத மரம் உண்டு: கல்கத்தாத் தாவரத் தோட்டத்துப் பேராலமரத்தின் தாய்மரம், புயல்களில் அடிபட்டுக் காளான் பற்றியதால் 1925-இல் நீக்கப்பட்டது. ஆயிரக்கணக்கான விழுதுகளின் துணையால் அவ்விருட்சம் இன்றும் பரந்து நிற்கிறது.

இனி அழகு. பிரான்சிஸ் ஹாலே, ரோலோப் ஓல்டமன் என்னும் இருவர் வெப்பமண்டல மரங்களின் கிளைப்பு முறைகளை ஆராய்ந்து, இத்தனை ஆயிரம் இனங்களும் சுமார் இருபத்துமூன்று அமைப்புத் திட்டங்களுக்குள் அடங்கும் என்று 1970-இல் எழுதினார்கள். நாட்டு வாதாம் தளம் தளமாகக் கிளை விரிப்பதும், இலவு நேராக ஓங்கிச் சுற்றிலும் கிளைகளைக் கிடையாக நீட்டுவதும் அந்தந்த இனத்தின் பிறவிச் சுபாவம். நல்ல கவாத்து இந்தச் சுபாவத்தை அறிந்து அதற்கு இணங்கிச் செல்லும். செய்து முடித்த பிறகு வெட்டு நடந்ததே தெரியாமல் மரம் மரமாகத் தோன்றும். மொட்டையடித்த வாதாமும் மொட்டையடித்த வேம்பும் ஒரே மாதிரியாகத் துடைப்பக் கட்டைகளாக நிற்பதை நாம் தினமும் காண்கிறோம். ஆரோக்கியத்துக்கும் பாதுகாப்புக்கும் எது நன்றோ அதுவே பெரும்பாலும் பார்வைக்கும் நன்றாக அமைகிறது என்பது என் அபிப்பிராயம்.

இவையெல்லாவற்றினும் எளிய வழி, பெரிய வெட்டுக்கே அவசியம் நேராதபடி இளமையிலேயே கவனிப்பது. கட்டைவிரல் பருமனுள்ள கிளையை நீக்கிய காயம் ஓரிரு ஆண்டுகளில் மூடிவிடும். அதே கிளை இருபது ஆண்டு கழித்து இடுப்பளவு பருத்த பின் வெட்டினால், அக்காயம் மரத்தின் ஆயுளுக்கும் மூடாமலே போகலாம். நடுத்தண்டு ஒன்றே தலைமையாக இருக்கும்படி போட்டித்தண்டை அகற்றுவதும், தாயினும் பருக்க முயலும் கிளையை அடக்குவதும், தலைக்கு மேலே வாகனம் செல்லத்தக்க இடம் விடுவதும் கன்றுப் பருவத்தில் சில நிமிஷ வேலை. ஊர்தோறும் மரக்கன்று நடும் சங்கங்களும், பள்ளிக்கூடங்களும், நகராட்சியாரும், நட்ட நாளைக் குறித்து வைப்பதோடு நிற்காமல், மூன்றாம் ஆண்டிலும் ஆறாம் ஆண்டிலும் பத்தாம் ஆண்டிலும் அக்கன்றுகளின் கிளைகளைப் பார்வையிடும் நாளையும் குறித்து வைத்துக்கொள்ள வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன். கூரிய கைரம்பம் ஒன்றும், கிளைப்பூண் எது என்று அறிந்த ஒருவரும் இருந்தால் போதும்.